பேரையூருக்கு ஒரு பெட்டி

"எல்லாருக்கும் அனுப்பு. பேரையூருக்கு மட்டும் வேண்டாம்."

வீரணன் மில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அன்னக்கொடி நிமிர்ந்து பார்க்கவில்லை. எட்டு மாத வயிற்றோடு பாயில் உட்கார்ந்து, சிவப்பு அட்டையில் வெட்டிய பெட்டியின் ஓரங்களைக் கரண்டிக் காம்பால் அழுத்தி மடித்துக்கொண்டிருந்தாள்.

எதிரே பசைக் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டு ஹாஜரா. டவுன்ஹால் ரோட்டுக் கடை ஒன்றுக்கு இரண்டு பேருமாகக் கிறிஸ்துமஸ் அட்டைகளும் பரிசுப் பெட்டிகளும் செய்து கொடுத்து முடித்திருந்தார்கள். மிஞ்சிய வழவழப்புக் காகிதத்திலும் ஜிகினாவிலும் இப்போது சொந்தக்காரர்களுக்குப் பொங்கல் வாழ்த்து. மற்றவர்களுக்கு அட்டை மட்டும். பேரையூரில் இருக்கும் அப்பாவுக்கு, அட்டையை உள்ளே வைத்து மூடும்படி ஒரு பெட்டி.

"ஏன் வேண்டாம்?" என்றாள் அன்னக்கொடி.

"வேண்டாம்னா விடேன்."

"கல்யாணத்தப்ப எங்கப்பா உங்கள வாசல்லயே நிக்க வச்சுப் பேசுனாரு. அது இன்னும் ஆறல. அதானே?"

வீரணன் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தான். முழுவதும் குடித்துவிட்டுத்தான் பேசினான். "ஆமா. அப்படித்தான்னு வச்சுக்க."

"என்னத்த வச்சுக்க? வைக்கோல ஒண்ணொண்ணா நறுக்கி அட்டையில இந்தக் கரும்ப ஒட்ட மூணு நாளாச்சு எனக்கு."

"அன்னம், பசை காயுது," என்றாள் ஹாஜரா. "ஒட்டி முடிச்சுட்டு நல்லா சண்ட போடு. நானும் உக்காந்து கேக்குறேன்."

"நீங்களே சொல்லுங்கக்கா. தலப்பிரசவம். எல்லாப் பொண்ணுகளுக்கும் ஆத்தா வீட்டுல இருந்து ஆள் வந்து கூட்டிட்டுப் போறாங்க. எனக்கு ஒரு நாதி வரல. எங்கப்பா வீம்பு பிடிச்ச ஆளுதான். ஆனா இந்தப் பெட்டியப் பாத்தாருன்னா மொத பஸ்ஸப் பிடிச்சு வந்துருவாரு."

ஹாஜரா பசையைக் கிளறினாள்.

"வரலைன்னா?" என்றான் வீரணன்.

"வரலைன்னா நானே போறேன். பேரையூர் பஸ்ஸு என்ன, என்னைய ஏத்த மாட்டேன்னா சொல்லும்?"

"ரத்தக்கொதிப்பு இருக்கு, தெருமுனை தாண்டக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. அதுக்குத்தான் பெட்டிய அனுப்புங்கன்னு கெஞ்சுறேன்."

வீரணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கையை நீட்டினான். "சரி, குடு. எல்லாத்தையும் குடு. காலையில மில்லுக்குப் போறப்ப தபாலாபீஸ்ல சேத்துர்றேன்."

அன்னக்கொடி அட்டையில் 'பொங்கல் 1981' என்று எழுதி, கீழே 'உங்கள் மகள்' என்று மட்டும் போட்டாள். பெயரைப் போட்டால் அப்பா கிழித்துவிடுவாரோ என்று ஒரு பயம். பெட்டியை மூடிக் காக்கித்தாள் சுற்றி, மற்ற உறைகளோடு சேர்த்து அவனிடம் கொடுத்தாள்.

அதன் பிறகு தினமும் தபால்காரர் மணிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்தாள். அவர் அந்த ஒத்தக்கடைத் தெருவில் எல்லா வீட்டிலும் சைக்கிளை நிறுத்தினார். அவள் வீட்டில் நிறுத்தவில்லை.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஹாஜரா வந்தாள். ஆணியில் தொங்கிய பழைய பையை அன்னக்கொடி எடுத்துக் கொட்டினாள். கிழிந்த பனியனுக்குள்ளிருந்து காக்கித்தாள் பெட்டி விழுந்தது. அதன் மேலேயே மூன்று உறைகள் விழுந்தன.

அவள் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தீங்களாக்கா. சேத்துட்டேன், சேத்துட்டேன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு."

"மறந்துருக்கும் அன்னம். மில்லுல ஆயிரம் சோலி."

"மறந்தா எல்லாத்தையும்ல மறக்கணும். மேலூர் மாமாவுக்கு எழுதுனது இதுல இல்ல. அத்தைக்கு எழுதுனதும் இல்ல. அதெல்லாம் போயிருக்கு." அவள் உறைகளைத் திருப்பிப் படித்தாள். "உசிலம்பட்டி பெரியப்பா. கள்ளிக்குடிச் சித்தப்பா. சேடபட்டிச் சித்தப்பா. எங்கப்பா மேல கோவம், சரி. சித்தப்பாக்க என்ன பண்ணுனாங்க? எங்க கல்யாணத்துக்கு மால எடுத்துக் குடுத்ததே கள்ளிக்குடிச் சித்தப்பாதான்."

"நான் எடுத்து வைக்கிறேன். நீ எந்திரி."

"இருங்கக்கா. அத்தைக்கு அனுப்பிருக்காரு, மாமாவுக்கு அனுப்பிருக்காரு. பங்காளி வீட்டுக்கு மட்டும்..."

அன்னக்கொடியின் விரல் உறையின் மேல் நின்றுவிட்டது. சாவு விழுந்தால் அந்த வருஷம் பங்காளிகள் யாருக்கும் பொங்கல் கிடையாது. பொங்கல் இல்லாத வீட்டுக்கு யாரும் வாழ்த்து அனுப்புவதில்லை.

"யாரு, அக்கா?" என்றாள்.

ஹாஜரா சுண்ணாம்பு மட்டையை வாளிக்குள் போட்டாள்.

"பெரியப்பாவா? அவருக்குத்தான் ரொம்ப நாளா மேலுக்கு முடியல. பெரியப்பாதானக்கா?"

ஹாஜரா இல்லை என்று தலையாட்டினாள். பாயில் மண்டியிட்டு, சுண்ணாம்புக் கையோடு அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"புள்ள பொறக்குற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு வீரணன் அண்ணே என்கிட்ட சத்தியம் வாங்கிருச்சு அன்னம். ரெண்டு மாசமாச்சு. உங்கப்பா பாடைக்கு முன்னால நின்னு தோள் குடுத்ததே அண்ணந்தான்."