பாதியில் நின்ற பாய்

இரட்டை உடல் கொண்ட அந்தச் சின்னப் படகின் பாய், பாய்மரத்தின் பாதி வரை ஏறி நின்றுவிட்டது. கிளாடிஸ் ஏழாவது தடவையாகப் பாயை ஏற்றும் கயிற்றை இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். பின்னால் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்திருந்த கணவன் ரெமிஜியுஸ், "காத்துக்கு நேரா நிறுத்தியிருக்கேன்ல, இன்னும் என்ன? பலமா இழு!" என்று கத்தினான். கடலரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கொட்டியிருந்த தூண்டில் வளைவுப் பாறைகளை நோக்கி அலை அவர்களைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"மேல எங்கயும் சிக்கல. கீழதான் எதோ புடிச்சிருக்கு."

"உனக்கு என்ன தெரியும்? இழு!"

பாயின் அடியிலிருந்து பின்னால் போகும் இன்னொரு கயிற்றை அவள் கண்ணாலேயே தொடர்ந்தாள். அது அவனுக்கு அடியில் போய் முடிந்தது.

"எந்திரிங்க."

"எதுக்கு?"

"எந்திரிங்கன்னு சொல்றேன்ல! கயித்து மேல உக்காந்திருக்கீங்க."

அவன் எழுந்தான். ஒரே இழுப்பில் பாய் உச்சிக்கு ஏறியது. பாறையை உரசாத குறையாகப் படகு விலகி வெளிக்கடலுக்குத் திரும்பியது.

"நான் சொன்ன மாதிரி முதல்லயே பலமா இழுத்திருந்தா..." என்று அவன் ஆரம்பித்தான்.

கிளாடிஸ் அவன் கையிலிருந்து சுக்கானை வாங்கிக்கொண்டாள். கரை சிறுத்துக்கொண்டே போனது. "எங்க போற?" என்று அவன் இரண்டு தடவை கேட்டான். இரண்டாம் தடவை குரல் இறங்கியிருந்தது.