முதுகு பேசக் கூடாது

“முதுகைக் காட்டிக்கிட்டுப் பேசினா யாருக்குப் புரியும்? இந்தப் பக்கம் திரும்பு!”

அண்ணன் அதட்டியதும், ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த அட்டவணையை விட்டுத் திரும்பினாள் தங்கை. ஆலைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். கையில் மைக்குக்குப் பதில் கரண்டி. நாளை மறுநாள் மாநாடு. போன வருடம் மேடையில் உளறியதில், அவள் தயாரித்த தொழிலாளர் பாதுகாப்புத் திட்டம் குப்பைக்குப் போனது. இந்த முறையும் சொதப்பினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“கரண்டியை இறக்கு. வாயை மறைக்குது.”

“மைக்கை அப்படித்தானே பிடிப்பாங்க, அண்ணா?”

“பிடிக்கிறவங்க பிடிக்கட்டும். நீ ஏன் ரயிலைப் பிடிக்கிற மாதிரி ஓடுறே? ஒண்ணொண்ணா சொல்லு. படத்தைக் காட்டும்போது பேசாதே. நான் படத்தைப் பார்க்கவா, உன்னைப் பார்க்கவா?”

அவள் ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பி, “தறி ஓட்டினவரெல்லாம் எனக்கு வாத்தியார்! எல்லாம் என் நேரம்” என்று முணுமுணுத்தாள்.

அண்ணன் அதைச் சட்டை செய்யவில்லை. “மறுபடியும் முதுகா? முதல்லேர்ந்து ஆரம்பி.”

ஒன்பது தடவை ஆரம்பித்தாள்.

மாநாட்டில் அவளுக்கு முன்னால் துறைத் தலைவர். மேடைப் பேச்சுக் கலை பற்றிப் புத்தகமே போட்டவர். அறுபத்து நாலு சிலைடுகளையும் திரையைப் பார்த்தபடி ஓர் எழுத்து விடாமல் வாசித்தார். அவருடைய பின்மண்டை வழுக்கை அரங்கத்துக்கு மனப்பாடமாகிவிட்டது.

பாதிப் பேர் கண்ணயர்ந்திருந்த நேரத்தில் தங்கை ஏறினாள். மைக்கை மோவாய்க்குக் கீழே பிடித்தாள். கடைசி வரிசையில் இருந்த அண்ணனையே பார்த்து, நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். தூங்கியவர்கள் நிமிர்ந்தார்கள். பன்னிரண்டாவது நிமிடம் முடித்தபோது கைதட்டல் அடங்கவே இல்லை.

தேர்வுக் குழுத் தலைவி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “இந்தத் திட்டத்தை எடுத்துக்கிறோம், டாக்டர்.”

துறைத் தலைவரும் ஓடி வந்தார். “என் புத்தகத்தைப் படிச்சியாம்மா?”

“இல்ல சார். அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார். அதோ, கடைசி வரிசையில.”

“ஓ, அவரும் நம்ம தொழிலா! சார், பிரமாதமான பயிற்சி!” என்று அரங்கமே அதிரக் கூவினார்.

குடையை எடுக்கக் குனிந்திருந்த அண்ணன் நிமிரவில்லை.

“கத்திப் பிரயோஜனமில்ல சார். இருபது வருஷத் தறிச் சத்தத்துல ரெண்டு காதும் போயிடுச்சு. நான் காட்டின அட்டவணையில முதல் ஆள் அவர்தான். உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்குவார். உங்க அறுபத்து நாலு சிலைடுலயும் பாவம், அவருக்குக் கிடைச்சது உங்க முதுகுதான்.”