பாதிக்குப் பாதி

நாளையிலிருந்து வேலைக்கு வரப்போவதில்லை என்று சொல்லத்தான் கண்ணாடியண்ணன் வானாய்வுக் கோபுரத்துக்குள் வந்தார்.

தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியைக் கழுவுகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கண்ணாடியண்ணன். சொந்தப் பெயர், மனைவிக்குக் கோபம் தலைக்கேறினால் மட்டும் வெளியே வரும்.

வெளியே மத்தியான வெயில். உள்ளே, மூடிய கூரைக்கடியில், கிணற்றுக்குள் இறங்கியதுபோலக் குளிர்ச்சி. அவருடைய காலடிச் சத்தம் மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேறு யாருடையதோபோலத் திரும்பி வந்தது.

ஆராய்ச்சி பண்ணுகிற மேடம் கணினிமுன் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு கோடு ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி ஓடியது.

அது ஒரு நட்சத்திரம். அரை நாளுக்கு ஒரு தரம் வீங்கிச் சுருங்கும். அதோடு வெளிச்சமும் கூடிக் குறையும், தூங்குகிற குழந்தையின் வயிறு மாதிரி.

சில வாரமாக அந்த ஏற்றம் குட்டையாகிக்கொண்டே வந்தது. “வெளிச்சம் ரொம்பச் சோந்து போச்சு” என்று மேடம் போனில் யாரிடமோ சொன்னதை அண்ணன் காதில் வாங்கிவிட்டார்.

அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் வரவில்லை.

அந்த மங்கல் தொடங்குவதற்குச் சற்று முன்னால்தான் கண்ணாடியைக் கழுவியிருந்தார். அந்த வாரம் அவர் அவராக இல்லை. வருஷத்தில் சில தடவை அவருக்கு அப்படி வரும். காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது. உடம்பு எழுந்து வேலைக்குப் போகும். ஆள் மட்டும் பாயிலேயே கிடப்பார். “மறுபடியும் அணைஞ்சாச்சா?” என்பாள் மனைவி, தட்டை முன்னால் நகர்த்திவிட்டு.

அந்தக் கோலத்தில்தான் பஞ்சை நனைத்து, துளியும் அழுத்தாமல், அதன் கனத்திலேயே வழுக்கவிட்டுக் கழுவினார். குழிந்த கண்ணாடிக்குள் அவர் முகம் நிலாப்போலப் பெருத்து மிதந்தது. அந்த முகத்தில் இருந்தது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, அங்கிருந்து நட்சத்திரத்துக்கும் தொற்றிவிட்டது என்று அவர் நம்பினார்.

யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அதற்கு வேலையை விடுவதே தேவலை. ஆனால் வாயைத் திறந்ததும் உண்மைதான் முதலில் வந்தது.

“அத மங்க வச்சது நான்தான் மேடம். கழுவுனப்போ எனக்கு மனசு சரியில்ல. நாளைலேருந்து வேற ஆளப் பாத்துக்குங்க.”

மேடம் சிரிக்கவில்லை. நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

“கண்ணாடில குத்தம்னா எல்லா நட்சத்திரமும்ல மங்கணும்? பக்கத்துல இருக்கறதெல்லாம் குத்துக்கல்லாட்டம் அப்படியே இருக்குண்ணே. இது தானா சோருது. கொஞ்ச நாள்ல தானா ஏறும்.”

“ஏன் இப்படிப் பண்ணுது?”

“முழுசா யாருக்கும் தெரியல. நூறு வருஷமா மண்டைய ஒடச்சுக்கிறாங்க.”

அண்ணன் திரைக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். “பாவம். ஊர்ல எல்லாரும் நல்லா இருக்க, இதுக்கு மட்டும் இப்படியொரு சீக்கு.”

“இதுக்கு மட்டும்னு யார் சொன்னா? முன்னெல்லாம் எங்கயோ சிலதுதான்னு நெனச்சாங்க. விடாம உத்துப் பாத்தா, இந்த மாதிரி துடிக்கறதுல பாதிக்குப் பாதி இப்படித்தான்.”

பாதிக்குப் பாதி. அண்ணன் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

காலையில் வந்த பேருந்து கண்ணுக்குள் வந்தது. கம்பியைப் பிடித்த கைகள், ஜன்னலில் சாய்ந்த தலைகள், எல்லோர் மேலும் எரிந்து விழுந்த நடத்துநர். அத்தனை பேரும் கோபுரத்து இருட்டில் ஒவ்வொருவராக மங்கினார்கள், ஒளிர்ந்தார்கள், பிறகு மறுபடி மங்கினார்கள்.

மேடம் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். முகம் காட்டாமலேயே பேசினார்.

“நடுநடுவுல ஒரு வாரம் வெளியூர்ல கூட்டம்னு சொல்லிட்டுப் போவேன்ல. எந்த ஊருக்கும் போறதில்லண்ணே. ஜன்னலச் சாத்திட்டு வீட்டுலயேதான் படுத்திருப்பேன்.”

வெயிலில் காய்ந்த கூரைத் தகடு எங்கோ மேலே டக்கென்று நெளிந்தது.

அண்ணன் முக்காலியை இழுத்துப்போட்டு மேடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிறகு அவர் கேட்டார்: “அந்த ஒரு வாரம் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?”