ரைட்டரம்மா பேரைக் காணோம்

கம்ப்யூட்டர் திரையை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே அலசிப் பார்த்துவிட்டாள் ரைட்டர் புஷ்பலதா. எஸ்டேட்டில் வேலை பார்க்கிற அத்தனை பேரும் இருந்தார்கள். அவள் பேரைத்தான் காணோம்!

பகீரென்றது. மஞ்சக்குட்டைக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் காபி எஸ்டேட்டில் ஆள் பதிவெல்லாம் அவள் கைதான். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போய்விடும். பத்தாவது படிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு எங்கே போவது?

சேலத்திலிருந்து வந்திருந்த கவிப்பிரியாதான் எஸ்டேட் விவரங்களையெல்லாம் டேட்டாபேஸில் ஏற்றிக்கொண்டிருந்தாள். காலையில் நன்றாகத்தான் விளக்கினாள்.

"டேபிள்ங்கிற பெரிய பட்டியல்ல எல்லாருமே இருப்பாங்க அக்கா. அதுல இருந்து அவங்கவங்க வேலைக்கு வேணுங்கிறது மட்டும் தெரியற மாதிரி ஆளுக்கொரு வியூ போட்டிருக்கேன். டேபிள்ல ஒண்ணை மாத்தினா வியூவும் தானா மாறிக்கும்."

வாசலில் மாதேஷ் மேஸ்திரி போனில் தன் வியூவைத் திறந்து, "சின்னத்தாயி, கலா, மலர், மாதம்மாள்... அட, நம்ம செட்டு மொத்தமும் இருக்குதுங்க!" என்று பூரித்துக்கொண்டிருந்தார்.

புஷ்பலதாவுக்கு வயிறு எரிந்தது. அவள் வியூவில் அந்த மாதேஷ் இருந்தார். மேனேஜரைத் தவிர யார் சொன்னாலும் ஜீப் சாவியைத் தொடாத டிரைவர் ஜெயபிரகாஷ் இருந்தார். கேட்டில் தூங்கி வழிகிற வாட்ச்மேன் கருப்பண்ணன்கூட இருந்தார்! டேபிளில் முதல் ஆளாகத் தன் பேரை அவளேதானே அடித்தாள்?

பழைய மேனேஜர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து எல்லாம் முதலாளிதான். காலையில் வந்தவர் கவிப்பிரியாவோடு கம்ப்யூட்டர் முன்னால் குசுகுசுவென்று என்னவோ பேசினார். இவளைக் கண்டதும் சிரித்து மழுப்பிவிட்டு ஏற்காட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஓகோ, சங்கதி இதுதானா!

புஷ்பலதா மேஜையைக் காலி பண்ண ஆரம்பித்தாள். டிபன் டப்பா, ஸ்வெட்டர், முருகன் படம் எல்லாம் பைக்குள் போயின.

"ஏனுங்க அக்கா, எங்க கிளம்பிட்டீங்க?" கவிப்பிரியா ஓடி வந்தாள்.

"நடிக்காத கண்ணு. ஏரிக்கரையில பஜ்ஜிக் கடை போட்டாச்சும் பொழைச்சுக்குவேன். ஆனா என் பேரை எடுத்துப் போட்டதை முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாமில்ல? மனசு நொம்ப வலிக்குது." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

கவிப்பிரியா திரையை எட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே! சாயங்காலம் முதலாளி ஸ்வீட்டோட வந்து சொல்ற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னாரு. காலையில டேபிள்ல மாத்தினதுமே இந்த வியூ காட்டிக் கொடுத்துடுச்சே!"

"என்னத்தைக் காட்டிக் கொடுத்துச்சு?"

"ஒருத்தர் வியூவுல அவங்க கைக்குக் கீழ வேலை பாக்கறவங்க பேர் மட்டுந்தாங்க வரும், மேனேஜரம்மா!"