எண் மட்டும் இருக்கிறது

மதிய வெயில் ஜன்னல் தட்டியின் இடுக்கு வழியாகக் கணினித் திரையில் கோடு கோடாக விழுகிறது. பாதுகாப்புப் பொறியாளன் மருத்துவமனை சர்வரில் ஓடிய கட்டளைகளின் தணிக்கைப் பதிவை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருக்கிறான். நோயாளிகளின் விவரங்களைத் திருடிய கட்டளை அதில் அட்சரம் பிசகாமல் பதிவாகியிருக்கிறது. அந்த சர்வரில் தனித்தனி மென்பொருள் பெட்டிகளாக ஓடிய முப்பது கண்டெய்னர்களில் எதிலிருந்து அது வந்தது என்பது மட்டும் இல்லை. இருப்பது அந்தக் கட்டளைக்குச் சிஸ்டம் கொடுத்த வெறும் ஓர் எண். அந்த எண் எதனுடையது என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கண்டெய்னர்களும் இப்போது இல்லை. திருட்டு தெரிந்த பதற்றத்தில், காலையில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியவள் அவன் பக்கத்தில்தான் நிற்கிறாள்; அவற்றில் ஒன்று அவள் பொறுப்பில் இருந்தது. தன் திருட்டை மறைக்கத்தான் தடயத்தை அழித்துவிட்டாள் என்கிறது நிர்வாகம்.

"சிஸ்டத்துக்குக் கண்டெய்னர்னா என்னன்னே தெரியாதுக்கா. எல்லாமே அதுக்கு ஒண்ணுதான்" என்கிறான்.

"என்னோடது இல்லன்னாவது சொல்லுமாடா?"

மவுஸ் சக்கரம் கரகரத்து நிற்கிறது. "சொல்லாதுக்கா."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஏசி உறுமிக்கொண்டிருக்கிறது. அவள் தலையாட்டுகிறாள். கழுத்தில் தொங்கும் பட்டையை அவள் விரல்கள் பழக்கத்தில் தடவிக்கொண்டே கீழே இறங்குகின்றன. நுனியில் வெறும் கொக்கி. பெயர் அட்டையைக் காலையிலேயே வாங்கிக்கொண்டுவிட்டார்கள்.