பட்டன் வைத்த நைட்டி

“சிஸ்டர், என்னை வேற ரூமுக்கு மாத்திடுங்க. அந்தப் பொண்ணோட என்னால இருக்க முடியாது.”

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பியவள் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

அறையில் இருந்ததே இரண்டு கட்டில். ஒன்று அந்த அம்மாவுடையது, மற்றது இவளுடையது. வேறு எந்தப் பொண்ணைச் சொல்வார்கள்?

இத்தனைக்கும் மத்தியானம் முழுக்க இருவரும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். பிறந்தபோது பையன் என்று எழுதிவிட்டார்கள். அதைத் திருத்தி முடிப்பதற்குள் முப்பத்திரண்டு வயது ஆகிவிட்டது. வீட்டோடு பேச்சு நின்று ஒன்பது வருடம். ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘உடன் இருப்பவர்’ என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருந்தாள்.

அந்த அம்மாவுக்கும் துணைக்கு ஆள் இல்லை. வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாதாம். போன் மட்டும் மணிக்கொரு தரம் வந்தது. சர்க்கரை டப்பா எங்கே, வாஷிங் மெஷின் குமிழை எந்தப் பக்கம் திருகணும் என்று.

“முப்பது வருஷமா அதே அலமாரியிலதான் இருக்கு. கண்ணைத் தொறந்து பாருங்க” என்று போனை வைத்த அம்மா, ஒரு பக்கமாகச் சரிந்த மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டார். அது மறுபடி சரிந்தது.

இவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தொழில் புத்தி. கைப்பையிலிருந்து குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இரண்டே நிமிஷத்தில் முடுக்கிக் கொடுத்தாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்ட அம்மா அப்போதுதான் இவளை ஒழுங்காகப் பார்த்தார். என்ன ஆபரேஷன் என்று கேட்டார்.

மறைத்து என்ன ஆகப் போகிறது? சொல்லிவிட்டாள். மூன்று வருடமாக ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டும் மார்பு சொல்லிக்கொள்கிற மாதிரி வளரவில்லை. வயிற்றுக் கொழுப்பை எடுத்து அங்கே வைக்கலாம் என்றால், எடுப்பதற்கு உனக்கு வயிறு எங்கே இருக்கிறது என்று டாக்டர் சிரித்துவிட்டார். மிச்சம் இருப்பது சிலிக்கோன் பைதான். அதிலும் சின்னதா பெரியதா என்று நாளை காலையில் கடைசியாகக் கேட்பார். ஒரு மாதமாக அதைத்தான் யோசிக்கிறாள். கலந்து பேச ஆள் இல்லை.

அம்மா முகத்தைச் சுளிப்பார் என்று காத்திருந்தாள். அவரோ புடவைக் கடையில் பேரம் பேசுகிற மாதிரி ஒவ்வொன்றாக விசாரித்தார். தினம் எத்தனை மணி நேரம் வேலை, குனிந்தா நிமிர்ந்தா, பஸ்ஸில் நின்றுகொண்டு போகணுமா.

“அப்போ சின்னதே வெச்சுக்கடி. பெருசு பார்க்கறவனுக்கு அழகு, முதுகு உன்னோடது. நாற்பது வருஷமா சுமந்தவ சொல்றேன்.”

இவளை இதுவரை யாரும் ‘டி’ போட்டதில்லை. கடையில் மேடம் என்பார்கள். தெருவில் வேறு என்னென்னவோ. அந்த ஓர் எழுத்தை மனசுக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அதற்குள் அம்மா உரிமையோடு இவள் பையைக் குடைந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே இருந்த நாலும் தலைவழியாகப் போடுகிற பனியன்.

“ஆபரேஷன் ஆனா பத்து நாளைக்குக் கையைத் தூக்க முடியாதுடி. இதை எப்படி மாட்டுவே? முன்னாடி பட்டன் வெச்சதுல்ல கொண்டு வரணும்? உனக்கு யாருமே சொல்லலியா?”

சொல்வதற்கு யார் இருக்கிறார்கள்?

“உங்களுக்கு என்ன ஆபரேஷன்மா?”

“ஏதோ கட்டி. அதை விடு. நாளைக்கு நீ சந்தோஷமா இருப்பேல்ல?”

“இருப்பேன்மா. கண் முழிச்சதும் முதல்ல உங்ககிட்டதான் காட்டுவேன்.”

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அப்புறம்தான் ரத்தம் எடுக்க இவளைக் கூப்பிட்டார்கள்.

போய் வந்த அந்தப் பத்து நிமிஷத்தில் இந்தப் பேச்சு.

நர்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, அந்த அம்மா இவள் முகத்தைப் பார்க்காமல் கடந்து போனார். இவளும் தலையைத் திருப்பிக்கொண்டாள். தெருவில் திட்டுகிறவர்கள் பரவாயில்லை, முகத்துக்கு நேரே திட்டுகிறார்கள். இவர் ஒரு மத்தியானம் முழுக்க ‘டி’ போட்டுப் பேசிவிட்டு அல்லவா போகிறார்!

வேண்டுமென்றே பெரியதாக வைக்கச் சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. காலையில் டாக்டர் கேட்டபோது, “சின்னதே போதும் டாக்டர்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கண் விழித்தபோது சாயங்காலம். மார்பைச் சுற்றி இறுக்கமாகக் கட்டு. கட்டுக்குக் கீழே பாரமாக, புதிதாக, அவளுடையது. எதிர்க் கட்டிலைப் பார்த்தாள். சலவை விரிப்பு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது.

நர்ஸ் வந்து கையைத் தூக்காமலேயே நைட்டி மாட்டிவிட்டாள். முன்பக்கம் வரிசையாகப் பட்டன். புதுசு. விலைச் சீட்டுகூடப் பிய்க்கவில்லை.

“இது என்னுது இல்ல சிஸ்டர்.”

“அந்தம்மா குடுத்தாங்க. ரெண்டு கொண்டு வந்திருந்தாங்களாம்.”

“என்கூட இருக்க முடியாதுன்னு போனவங்க குடுத்தது எனக்கு வேண்டாம். கழட்டிடுங்க.”

நர்ஸ் கழற்றவில்லை. கடைசிப் பட்டனையும் போட்டுவிட்டுச் சொன்னாள்: “அவங்களுக்கு இன்னைக்குக் காலையில ரெண்டு மார்பையும் எடுத்தாச்சு. ‘என்கிட்ட முதல்ல காட்டணும்னு ஆசையா சொல்லிட்டிருக்கா. அவ கண் முழிக்கிற நேரத்துல எதிர்ல நான் மார் இல்லாமக் கிடக்கக் கூடாது’ன்னுதான் ரூமை மாத்திக்கிட்டாங்க.”