கழுவின எஞ்சின்

"உன்னை ஆர் இதைக் கழுவச் சொன்னது?"

சிஞோர் பர்த்தோலோ போட்ட சத்தத்தில் நாகபூசணியின் இடுப்பிலிருந்த குழந்தை வீரிட்டு அழுதது.

இத்தாலியின் பலெர்மோ துறைமுகத்தில் ஒருகாலம் சரக்குப் பெட்டிகளை இழுத்த பழைய எஞ்சின் அது. ரயில் பைத்தியம் பிடித்த சில கிழவர்கள், பர்த்தோலோவைத் தலைவராக வைத்து, அதைக் கேட்டு வாங்கி ஒரு கொட்டகையில் வைத்திருந்தார்கள். ஞாயிறுதோறும் வருவார்கள். துருவைத் தடவுவார்கள், படம் எடுப்பார்கள், பழங்கதை கதைப்பார்கள். கொட்டகையைக் கூட்டித் துப்பரவாக்குகிற வேலை நாகபூசணியின் புருசன் கோபாலசிங்கத்துக்கு.

நேற்று ஆயுத பூசை. சோறு போடுகிற எஞ்சினை அழுக்காக விடலாமா? இரண்டுபேருமாகச் சோப்புத்தண்ணியால் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, பல்லரோ சந்தையில் வாங்கின பூவைக் கட்டிப் போட்டார்கள். துருவெல்லாம் போய் எஞ்சின் பச்சைப் பசேலென்று மினுங்கியது.

எல்லாரும் மெச்சப்போகிறார்கள் என்று அவித்த கடலையோடு வந்து நின்றாள் நாகபூசணி.

"கலியாணப் பொம்பிளை மாதிரியெல்லோ நிக்குது!" என்றார் ஒருவர். மெச்சவில்லை. எடுத்த கமராவைத் திரும்ப உறைக்குள் போட்டார்.

சிஞோர் தோத்தோ என்கிற மற்றக் கிழவர் எஞ்சினைத் தடவினார்.

"என்ரை அப்பா இதிலைதான் வேலை செய்தவர். பின்னேரம் சேட்டெல்லாம் துருவோடை வருவார். அம்மா ஏசி ஏசித் தோய்ப்பா. இஞ்சை வந்து கை வைச்சால் அந்தத் துரு விரலிலை ஒட்டும். அப்பாவைத் தொட்ட மாதிரி இருக்கும்..."

வெறும் விரலைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

"எதாலை கழுவினாய்? சொல்லு!" பர்த்தோலோ விடவில்லை.

கோபாலசிங்கம் தலையைக் குனிந்தான். "கம்பி பிறஷாலை உரஞ்சினனான், சிஞோரே. பிழை என்னிலைதான்."

நாகபூசணி திடுக்கிட்டாள். கம்பி பிறஷா? வாயைத் திறக்கப் போனவளை அவன் கண்ணால் அடக்கினான்.

"சாவியைத் தா. இனி இந்தப் பக்கம் வராதை!"

தாங்கள் குடியிருக்கிற போர்கோ வெக்கியோ வரும்வரை பொறுத்திருந்தவள், தெருவிலேயே வெடித்தாள்.

"என்னப்பா, உங்களுக்கு விசரே? பழந்துணியாலை மெல்லமாய்த்தானே துடைச்சனாங்கள்? என்னத்துக்குப் பொய் சொன்னனீங்கள்? வேலை இல்லையெண்டால் இந்த நாட்டிலை இருக்கிறதுக்கான பெர்மெசோவைப் புதுப்பிச்சுத் தருவாங்களே? பிள்ளையையும் கொண்டு எங்கை போறது?"

"உண்மையைச் சொன்னால் தகப்பனை நினைச்சு அழுத அந்தக் கிழவன்ரை மனம் தாங்குமே, பூசணி?"

"என்ன உண்மை?"

"துரு எங்கையாவது சோப்புத்தண்ணியிலை கரையுமே?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பின்னால் மூச்சிரைக்க ஆரோ ஓடி வந்தார்கள். பர்த்தோலோ! திரும்பவும் ஏசத்தான் வருகிறாராக்கும் என்று குழந்தையை இறுக்கி அணைத்தாள்.

அவர் சாவியைக் கோபாலசிங்கத்தின் கையில் திணித்தார்.

"எங்களுக்குத் தரேக்கையே ஆரோ புதுப் பச்சைப் பெயின்ற் அடிச்சுத்தான் தந்தவை. அந்தக் கோலத்திலை கண்டால் இவங்கள் ஒருத்தரும் பிறகு வரமாட்டாங்கள் எண்டு பயந்துபோனன். நீ என்னைக் காட்டிக்குடுக்கேல்லை..."

தெருவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கடல்காத்துக்குத் திரும்பவும் துரு பிடிச்சிட்டுது எண்டு அவங்களுக்கு நான் சொல்லுறன். நீ நாளைக்கு வேலைக்கு வா. துரு பூச என்ரை ஒரு கை காணாது."